அத்தியாயம் 5: இணைப்புக் குறிப்புச் செயலி, எதை எடுப்பது?

குறிப்பெழுத ஒரு செயலி இல்லாத போன் இன்று கிடையாது. வாங்கும்போதே ஒன்று உள்ளே இருக்கிறது. அதுவும் வேண்டாமென்று வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பி வைத்துக்கொள்கிறவர்களும் நிறையப் பேர். மளிகைப் பட்டியல், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, கேஸ் புக் செய்த தேதி இவற்றுக்கெல்லாம் அது போதும். இந்த அத்தியாயத்தில் பேசப்போகும் செயலிகள் அந்த வேலைக்கு அதிகப்படி. மூன்று மாதத்தில் குரூப் 4 தேர்வு எழுதப் போகிறவருக்கும் இவை வேண்டாம். புதுச் செயலியைப் பழகும் நேரத்தில் அவர் நாலு பழைய வினாத்தாள்களை முடித்துவிடலாம்.

ஒரே பொருளைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் சேர்க்கிறவர்களுக்குத்தான் இவை பயன்படும். ஊர் வரலாறு எழுதுகிறவர், ஆய்வு மாணவர், மொழிபெயர்ப்பாளர், சித்த மருத்துவம் படிப்பவர், வழக்குக் கட்டுகளோடு வாழும் வக்கீல் என்று பட்டியல் போகும். குறிப்பு இல்லை என்பது இவர்களுடைய தொல்லை கிடையாது. குறிப்பு எங்கேயோ இருக்கும். தேவைப்படும் நேரத்தில் கண்ணில் படாது.

காவிரிப் பாசனத்தைப் பற்றிப் படித்துவரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆர்தர் காட்டனைப் பற்றி அவர் ஒரு குறிப்பு எழுதுகிறார். 1830களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டியவர்; அதற்கு முன்பு, மணற்படுகையில் கல்லணையின் அடித்தளம் எப்படி நிற்கிறது என்று ஆராய்ந்தவர்; பிறகு கோதாவரிக்குப் போய்த் தவளேஸ்வரத்தில் அணை கட்டி 1852-இல் முடித்தவர். இந்தக் குறிப்பை எந்த ஃபோல்டரில் போடுவது? ‘மனிதர்கள்’ என்ற ஃபோல்டரிலா, ‘அணைகள்’ என்பதிலா, ‘ஆங்கிலேயர் காலம்’ என்பதிலா? எதில் போட்டாலும் மற்ற இரண்டிலும் தேடும்போது கிடைக்காது. ஃபோல்டரில் ஒரு தாளுக்கு ஓர் இடம்தான்.

இணைப்புச் செயலிகள் இந்தக் கேள்வியையே தேவையில்லாமல் செய்துவிடுகின்றன. எழுதும்போது ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுகிறீர்கள்: [[கல்லணை]]. உடனே அது கல்லணை என்ற குறிப்புக்குப் போகும் இணைப்பாகிவிடுகிறது. அப்படி ஒரு குறிப்பு இன்னும் இல்லையென்றாலும் கவலையில்லை, அதைத் தொட்டால் புதிதாக ஒன்று பிறக்கும். விக்கிப்பீடியாவில் கட்டுரை திருத்தியவர்களுக்கு இந்த அடைப்புக்குறி பழக்கமானதுதான்.

இதன் மறுபாதிதான் இந்தச் செயலிகளின் உயிர். கல்லணைக் குறிப்பைத் திறந்தால், அதைச் சுட்டும் மற்றக் குறிப்புகள் எல்லாம் அடியிலோ பக்கத்திலோ தானாக வரிசைகட்டி நிற்கும். காட்டன் குறிப்பு அங்கே இருக்கும். கரிகாலனைப் பற்றி எப்போதோ எழுதியது இருக்கும். கொள்ளிடத்தின் வெள்ளத்தைப் பற்றிப் போன வருடம் எழுதி மறந்துபோனதும் இருக்கும். இதை பேக்லிங்க் என்கிறார்கள். நீங்கள் ஒரு திசையில் போட்ட இணைப்பைச் செயலி எதிர்த்திசையிலும் நினைவு வைத்துக்கொள்கிறது. சாதாரணக் குறிப்புச் செயலிகள் பலவற்றில் இணைப்பு போடலாம், எதிர்த்திசையில் ஒன்றும் காட்டாது. ஆப்பிள் நோட்ஸில்கூட 2023 முதல் ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு வைக்க முடிகிறது. அது வசதிதான், ஆனால் நாம் தேடுவது அதற்கு மேலே ஒரு படி.

ஆகவே தொடக்கநிலையில் ஒரு செயலியிடம் கேட்க வேண்டியவை மூன்றுதான். இரட்டை அடைப்புக்குறி திறந்து இரண்டெழுத்து அடித்ததும் ஏற்கெனவே உள்ள தலைப்புகளைப் பட்டியலிட வேண்டும். பேக்லிங்க் காட்டும்போது வெறும் தலைப்பை மட்டும் காட்டாமல், பெயர் வந்த வரியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். எல்லாக் குறிப்புகளுக்குள்ளும் தேடினால் உடனே கிடைக்க வேண்டும். விளம்பரங்களில் மினுங்கும் மற்ற எதுவும் முதல் ஆறு மாதத்துக்குக் கணக்கில் வராது.

லூமனின் பெட்டி

இந்தச் செயலிகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் நிக்லஸ் லூமன் வந்துவிடுவார். ஜெர்மானியச் சமூகவியலாளர், 1927-இல் பிறந்து 1998-இல் மறைந்தவர். 1950களின் தொடக்கத்திலிருந்து வாழ்நாள் முழுக்கச் சிறு தாள்களில் குறிப்பெழுதி மரப்பெட்டிகளில் அடுக்கினார். சுமார் 90,000 தாள்கள் சேர்ந்தன. அவை இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. படம்பிடித்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் தெரியாவிட்டாலும் அந்தக் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

90,000 என்ற எண்ணைக் காட்டித்தான் செயலிக்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அவர் செய்த விதம்தான் முக்கியமாகப் படுகிறது. அவரிடம் தேடல் வசதி கிடையாது, தானாகக் காட்டும் பேக்லிங்க் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முகவரி எண் போட்டார். 21 என்ற தாளுக்குப் பிறகு 22 இருந்தாலும், நடுவே ஒரு புதுக் கிளை தோன்றினால் 21அ, அதிலிருந்து 21அ1 என்கிற மாதிரிச் செருகிக்கொண்டே போனார். வேறொரு தாளோடு தொடர்பு இருந்தால் அதன் எண்ணைக் கைப்பட எழுதினார். கைவலிக்க எழுத வேண்டியிருந்ததால் காரணமில்லாத இணைப்பை அவர் போட்டிருக்க வாய்ப்பில்லை. செயலியில் இரண்டு அடைப்புக்குறி போட அரை நொடி போதும். நமக்குள்ள ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு பத்தியில் உள்ள பெயர்ச்சொல் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, இணைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம்.

‘காட்டன், [[கல்லணை]]’ என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அதற்குப் பொருளே இருக்காது. ‘மணலில் அடித்தளம் போடுவதைக் காட்டன் படித்துக்கொண்ட இடம் [[கல்லணை]]’ என்று எழுதினால், கல்லணைக் குறிப்பின் அடியில் அந்த வரியே வந்து நிற்கும். குறிப்பைத் திறக்காமலே விஷயம் புரியும். ஏன் இணைக்கிறோம் என்று ஒரு வாக்கியம் எழுத முடியவில்லையா, இணைக்காதீர்கள். தேடல் இருக்கவே இருக்கிறது.

தமிழில் எழுதுகிறவர் பார்க்க வேண்டியவை

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஓர் ஊர்ப்பெயர் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் அநேகமாக அதே வடிவில் நிற்கும். நம் மொழியில் வேற்றுமை உருபு ஒட்டியவுடன் பெயரின் வாலே மாறிவிடுகிறது. செயலிக்கு இலக்கணம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதற்குத் தெரிந்தது.

பள்ளியில் படித்த உடம்படுமெய் இங்கே வேலைக்கு வருகிறது. இகர, ஐகாரத்தில் முடியும் பெயர்கள் சிக்கலில்லாதவை. [[கல்லணை]]யில், [[கல்லணை]]க்கு, [[காவிரி]]யின் என்று உருபை அடைப்புக்குறிக்கு வெளியே விட்டுவிடலாம். படிக்கும்போது ஒட்டியே தெரியும். மெய்யெழுத்தில் முடியும் பெயர்களில் இது நடக்காது. மேட்டூர் என்பது மேட்டூரில் ஆகும்போது கடைசி எழுத்தே மாறுகிறது. குற்றியலுகரமும் அப்படியே: முக்கொம்பு, முக்கொம்பில். மகர ஈறு இன்னும் மோசம்: குளம், குளத்தில். ஆறு என்பது ஆற்றில் ஆகிவிட்டால் இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது முதலெழுத்து மட்டும்தான்.

இதற்கு வழி உண்டு. (இங்கே பெயர் வரும் செயலிகளைப் பின்னால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.) பெரும்பாலான இணைப்புச் செயலிகளில் குறிப்பின் தலைப்பு ஒன்றாகவும் கண்ணுக்குத் தெரிவது வேறாகவும் இருக்கலாம். அப்சிடியனில் நடுவே ஒரு நேர்க்கோடு போட வேண்டும்: [[முக்கொம்பு|முக்கொம்பில்]]. லாக்சீக்கிலும் ரோமிலும் எழுதும் முறை கொஞ்சம் வேறு, பலன் ஒன்றுதான். நோஷனில் பக்கத்தைப் பெயர் சொல்லிச் சுட்டினால் அதன் தலைப்பு அப்படியே வந்து உட்காரும். ‘முக்கொம்பு இல் கட்டிய’ என்று வாக்கியம் நொண்டும். தமிழில் நீளமாக உரைநடை எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இடறும்.

நேர்க்கோடு போட அலுப்பாக இருந்தால், பெயர் எழுவாயாக வரும்படி வாக்கியத்தைத் திருப்பிவிடுங்கள். அதுவும் முடியாத இடத்தில் குறிப்பின் கடைசியில் ‘காண்க’ என்று போட்டு, தலைப்பையும் காரணத்தையும் ஒரு வரியாக எழுதுங்கள். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். உரைநடை உரைநடையாக இருக்கும், இணைப்புகள் கீழே ஒரே இடத்தில் இருக்கும்.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருப்பதும் நமக்குச் சகஜம். திருச்சி, திருச்சிராப்பள்ளி; ஸ்ரீரங்கம், திருவரங்கம். அப்சிடியனிலும் லாக்சீக்கிலும் ஒரு குறிப்புக்கு மாற்றுப்பெயர்கள் கொடுத்து வைக்கலாம். எந்தப் பெயரை அடிக்கத் தொடங்கினாலும் அதே குறிப்பைக் காட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வம்பு, ஒரே மாதிரி தெரியும் வெவ்வேறு எழுத்துகள். ஔவையார் என்று ஔ என்ற ஓரெழுத்தால் எழுதலாம்; ஒ, ள என்று இரண்டெழுத்தைப் பக்கத்தில் வைத்து ஒளவையார் என்றும் எழுதிவிடுகிறோம். பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. செயலிக்கு இவர்கள் வேறு வேறு ஆட்கள். ஸ்ரீ என்ற கூட்டெழுத்தும் அப்படித்தான். யூனிகோடில் ஶ என்ற எழுத்து 2005-இல் சேர்ந்த பிறகு, ஸ்ரீயை அதைக் கொண்டும் எழுதலாம், ஸ-வைக் கொண்டும் எழுதலாம். போனில் ஒரு விசைப்பலகையும் கணினியில் வேறொன்றும் வைத்திருந்தால், ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு குறிப்புகள் முளைத்து, இரண்டும் ஒரே பெயரோடு பட்டியலில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதனால்தான் தலைப்பை ஒவ்வொரு முறையும் முழுதாக அடிக்காமல், வரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் பழக்கம் வேண்டும் என்கிறேன். அந்தப் பட்டியல் தமிழில் அடிக்கும்போது ஒழுங்காக வருகிறதா என்பது எந்தச் செயலிக்கும் முதல் பரீட்சை.

போனில் இன்னொரு தடை, சதுர அடைப்புக்குறி. தமிழ் விசைப்பலகையில் அதைத் தேடி இரண்டு பக்கம் தள்ளிப் போக வேண்டியிருக்கும். அப்சிடியனின் போன் பதிப்பில் விசைப்பலகைக்கு மேலே வரும் பட்டையில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. இந்தப் பொத்தான் இல்லாத செயலியில் போனில் இணைப்பு போடும் பழக்கம் வரவே வராது.

வெளியே போகும் வழி

உள்ளே நுழையும் முன் வெளியே போகும் வழியைப் பாருங்கள். பத்து ஆண்டு கழித்து இந்தக் குறிப்புகள் என்னிடம் எந்த வடிவில் இருக்கும்? ஒரு செயலியை எடுப்பதா விடுவதா என்று என்னிடம் கேட்டால் இந்தக் கேள்வியை வைத்தே பாதி முடிவைச் சொல்லிவிடுவேன்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த கட்டுரைகளும் சிறப்பு மலர்களும் இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் சாவி தொலைந்துபோனது. ஒவ்வொரு மென்பொருளும் தன் சொந்தக் குறியீட்டில் எழுதியதால் வந்த வினை அது. யூனிகோடு வந்து எழுத்தை மீட்டது. குறிப்புச் செயலிகளில் அதே கதை, எழுத்தின் மட்டத்தில் இல்லாமல் கோப்பின் மட்டத்தில் நடக்கிறது.

நிறுவனத்தின் மனம் மாறுவதும் உண்டு. எவர்நோட் 2008-இல் வந்து, குறிப்புச் செயலி என்றாலே அதுதான் என்ற நிலையில் பல ஆண்டுகள் இருந்தது. ஓர் இத்தாலிய நிறுவனம் அதை வாங்கியது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் என்று வரம்பு வந்தது. ஏற்கெனவே எழுதியதைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். புதிதாக எழுத வேண்டுமானால் காசு. வாங்கிய நிறுவனத்துக்கு அது உரிமை. ஆயிரம் குறிப்பு வைத்திருந்தவர் நிலைமையை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

பாதுகாப்பான வடிவம் எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: சாதாரண உரைக்கோப்பு. மார்க்டவுன் என்று ஓர் எழுதும் முறை இருக்கிறது. ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்டது. தலைப்புக்கு முன்னால் ஒரு வேலிக்குறி, அழுத்திச் சொல்ல நட்சத்திரக்குறி என்று நாலைந்து அடையாளங்கள்தான். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். செயலி நாளைக்கே இழுத்து மூடப்பட்டாலும் கோப்புகள் உங்கள் கணினியில் அப்படியே இருக்கும்.

செயலிகள்

அப்சிடியன். ஷிடா லீ, எரிக்கா ஷூ இருவரும் 2020-இல் கொண்டுவந்தது. குறிப்புகள் உங்கள் கணினியில் ஒரு சாதாரண ஃபோல்டரில் மார்க்டவுன் கோப்புகளாக இருக்கும். கணக்கு தொடங்க வேண்டாம், இணையம் வேண்டாம், காசு வேண்டாம். அலுவலகத்தில் பயன்படுத்தினால் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2025-இல் எடுத்துவிட்டார்கள். போனையும் கணினியையும் அவர்கள் வழியாகவே ஒத்திசைக்க வேண்டுமென்றால் மாதச் சந்தா உண்டு. வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மாதம் 4 டாலரிலிருந்து தொடங்குகிறது. செயலியின் நிரல் திறந்த மூலம் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். கோப்பு என் கையில் இருக்கும்போது அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. குறிப்பின் பெயரைச் செயலிக்குள் மாற்றினால், அதைச் சுட்டும் இணைப்புகள் எல்லாம் தாமாக மாறிக்கொள்ளும். வெளியே ஃபோல்டரைத் திறந்து பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தமிழில் உரைநடையாகக் குறிப்பெழுதும் புதியவருக்கு என் பரிந்துரை இதுதான்.

லாக்சீக். திறந்த மூலம், இலவசம். திறந்ததும் இன்றைய தேதியோடு ஒரு வெற்றுப்பக்கம் வரும். எழுதும் ஒவ்வொரு வரியும் புள்ளி வைத்த வரி. அதற்குக் கீழே உள்ளடங்கிய வரிகள். நாட்குறிப்பு போல வேலை செய்கிறவருக்கு இது அருமையாகப் பொருந்தும். இன்று யாரைப் பார்த்தேன், என்ன படித்தேன் என்று அடுக்கிக்கொண்டே போய் நடுவே [[மேட்டூர்]] என்று போட்டால் போதும், மேட்டூர்ப் பக்கத்தில் எல்லா நாள்களின் வரிகளும் சேர்ந்துவிடும். எந்த ஃபோல்டர் என்ற கேள்வியே எழாது. பத்தி பத்தியாக எழுதும் பழக்கமுள்ளவருக்குப் புள்ளிகள் எரிச்சலூட்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. கோப்புகளில் சேமிக்கும் பழைய முறையிலிருந்து தரவுத்தள முறைக்கு இந்தச் செயலி மாறிக்கொண்டிருக்கிறது. இப்போது தொடங்குகிறவர் எந்தப் பதிப்பை நிறுவுகிறோம் என்று பார்த்து நிறுவ வேண்டும்.

நோஷன். அழகானது. அட்டவணை, நாள்காட்டி, நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை இவற்றில் இதை அடிக்க ஆளில்லை. பேக்லிங்கும் இருக்கிறது. ஆனால் எல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கும். இணையமில்லாமல் பயன்படுத்தும் வசதியே 2025-இல்தான் வந்தது. வெளியே எடுக்கும்போது மார்க்டவுன் கோப்பாகத் தருவார்கள். கோப்புப் பெயர்களின் வாலில் நீளமான எண்ணெழுத்துச் சரம் ஒட்டியிருக்கும். தமிழ்த் தலைப்புகளுக்கான இணைப்புகளோ சதவீதக்குறியும் எண்ணுமாக அரைப்பக்கத்துக்கு நீளும். ஒரு சிறு பதிப்பகமோ பள்ளியோ சேர்ந்து வேலை செய்ய எடுத்துக்கொள்ளலாம். தனி ஒருவரின் ஆயுட்காலக் குறிப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரோம் ரிசர்ச். 2020 வாக்கில் இந்த அலையைக் கிளப்பிவிட்டதே இதுதான். மேலே சொன்ன மற்றச் செயலிகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை ஏராளம். மாதம் 15 டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இவை தவிர ஒரே ஒரு வலைப்பக்கக் கோப்புக்குள் எல்லாக் குறிப்பையும் வைக்கும் டிட்லிவிக்கி இருக்கிறது. 2004-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கிழவர். கைவேலை பிடித்தவர்களுக்கு ஏற்றது. ஈமேக்ஸ் பழகிய நிரலாளர்களுக்கு ஆர்க் ரோம் உண்டு. அவர்களுக்கு இந்தப் புத்தகம் தேவைப்படாது.

போன் மட்டும் இருந்தால்

கணினி இல்லாமல் போனிலேயே எல்லாம் செய்கிறவர்கள் நம்மில் ஏராளம். செயலி ஒப்பீடுகள் இவர்களைக் கண்டுகொள்வதேயில்லை. போனிலேயே அப்சிடியனை முழுதாகப் பயன்படுத்தலாம். தொடங்கும்போது குறிப்புகளை எங்கே சேமிப்பது என்று அது கேட்பதை ‘சரி, சரி’ என்று தட்டித் தள்ளிவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் உள்ளறையில் சேமித்தால், செயலியை நீக்கும் நாளில் குறிப்புகளும் கூடவே போய்விடும். போனின் பொதுச் சேமிப்பில், நீங்கள் கோப்பு மேலாளரில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு ஃபோல்டரில் வையுங்கள். வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டரை ஜிப் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கோ கூகுள் டிரைவுக்கோ அனுப்பிவிடுங்கள். உரைக்கோப்புகள் மிகச் சிறியவை. ஆயிரம் குறிப்புகள் சேர்ந்தாலும் கல்யாண வீட்டில் எடுத்த நாலு போட்டோவின் அளவைத் தாண்டாது.

போனும் கணினியும் இரண்டும் உள்ளவர்கள் ஒத்திசைவுக்கு ஒரே ஒரு வழியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். செயலியின் சொந்த ஒத்திசைவு, கூடவே ஐகிளவுட், கூடவே இன்னொன்று என்று அடுக்கினால் ஒரே குறிப்புக்கு மூன்று நகல்கள் வந்து சேரும். எது கடைசியாக எழுதியது என்று உங்களுக்கும் தெரியாது, அவற்றுக்கும் தெரியாது.

வங்கிக் கடவுச்சொல், ஆதார் எண் போன்றவற்றை இந்தக் குறிப்புகளில் வைக்காதீர்கள். உரைக்கோப்பு யார் திறந்தாலும் திறக்கும்.

எடுத்துப் பார்ப்பது எப்படி

மேலே சொன்னதை வைத்து ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டிலும் பாதிப் பாதி எழுதிவிட்டு எதிலும் பேக்லிங்க் சேராமல், இந்த முறையே சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். உங்களுக்கு உண்மையிலேயே வேலையாக இருக்கும் ஒரு பொருளில் இருபது குறிப்புகள் எழுதுங்கள். மாதிரிக்காகக் கற்பனைக் குறிப்பு எழுதிப் பயனில்லை. மறந்துபோகும் அளவுக்கு நிஜமான விஷயம் இருந்தால்தான் செயலி நினைவுபடுத்துகிறதா என்று தெரியும்.

ஒரு குறிப்பில் ஒரு விஷயம் இருக்கட்டும். தலைப்பு, பிற்பாடு நீங்கள் தேடக்கூடிய பெயராக இருக்கட்டும். ‘புதிய குறிப்பு 7’ என்பதற்கு இணைப்பு போட யாருக்கும் தோன்றாது. ‘காவிரி பற்றிச் சில செய்திகள்’ என்பதும் அதே கதிதான். ‘மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது’ என்று முழு வாக்கியமாகவே தலைப்பு வைக்கிறவர்கள் உண்டு. நல்ல முறைதான்; தமிழில் உருபு ஒட்டும் சிக்கலும் அதில் குறையும்.

இருபது சேர்ந்ததும் மூன்று சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு பெயர்க் குறிப்பைத் திறந்து, பேக்லிங்கில் நீங்கள் மறந்திருந்த ஒன்றாவது வருகிறதா என்று பாருங்கள். ‘குளம்’ என்று தேடினால் எவ்வளவு கிடைக்கிறது, ‘குளத்’ என்று தேடினால் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். பகுதியை மட்டும் அடித்துத் தேடும் பழக்கம் தமிழில் குறிப்பு வைப்பவருக்கு அவசியம். சில செயலிகளின் தேடல் முழுச்சொல்லை மட்டும் பிடிக்கும், அவற்றை அங்கேயே விட்டுவிடலாம். கடைசியாக, குறிப்புகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இன்னொரு கணினியில் நோட்பேடில் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரிகிறதா, எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று பெயரைப் பார்த்தே சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தச் செயலியிலேயே இருங்கள். வேறொன்று இதைவிட நன்றாக இருக்கிறதாம் என்று யார் சொன்னாலும் ஓராண்டுக்குக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அந்த ஓராண்டில் உங்களைத் திசைதிருப்ப நிறைய இருக்கும். குறிப்புகளைப் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் வரைபடம் அதில் முதலாவது. யூடியூப் வீடியோக்களில் நட்சத்திர மண்டலம் மாதிரிச் சுழலும். இருபது குறிப்பில் அது ஒன்றும் சொல்லாது, இரண்டாயிரத்தில் நூல்கண்டாகிவிடும். நண்பரிடம் காட்டப் பயன்படும். அடுத்து, கூடுதல் வசதிகளுக்கான பிளகின்கள். அப்சிடியனுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு வேலை திரும்பத் திரும்பக் கையைக் கடிக்கும்போது, அந்த வேலைக்கான ஒன்றை மட்டும் தேடிப் போடுங்கள். நிறத்தை மாற்றுவது, எழுத்துருவை மாற்றுவது இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். எழுத்துருவை மட்டும் படிக்க வசதியான தமிழ் எழுத்துருவாக ஒரே முறை அமைத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய குறிப்புகளை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூகுள் கீப்பில் முந்நூறு, வாட்ஸ்அப்பில் நூறு, டைரிகளில் எவ்வளவோ இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்குமதி செய்தால், இணைப்பே இல்லாத முந்நூறு குறிப்புகள் புதுவீட்டின் கூடத்தை அடைத்துக்கொள்ளும். அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஏதாவது எழுதும்போது பழையதொன்று தேவைப்பட்டால், அப்போது அதை எடுத்து, ஒருமுறை படித்து, வேண்டிய நாலு வரியை உங்கள் சொற்களில் எழுதி, காரணத்தோடு இணையுங்கள். ஓராண்டில் தேவைப்படாதது தேவைப்படாமலே போகலாம். டைரிகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த டைரி, எந்தப் பக்கம் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால் அதுவும் ஓர் இணைப்புதான்.